ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பிய பிறகு: ஆசியக் கோப்பை பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கத்தாரில் 2024 ஜனவரி 12 தொடங்கி பிப்ரவரி 10 வரை நடந்த ஆசியக் கோப்பைக் கால்பந்து முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நான் தோஹாவில் ஏசி பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களையும் மைதானத்திலேயே பார்த்தேன். அதன்பின் வீட்டிலிருந்தும், ஊர் வாட்ஸாப் குழுவிலிருந்தும், வேலையிடத்திலிருந்தும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். ஒருவருக்குப் பாதி பதில் சொல்வதற்குள் அடுத்தவர் கூப்பிட்டுவிடுகிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

2024-ல் நடந்ததை ஏன் 2023 ஆசியக் கோப்பை என்கிறார்கள்?

முதலில் இதை 2023-ல் சீனாவில் நடத்துவதாக இருந்தது. கொரோனாவால் சீனா விலகிக்கொள்ள, கத்தார் ஏற்றுக்கொண்டது. இங்கே கோடையில் பகலில் வெளியே நிற்கவே முடியாது. அதனால் ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. மொத்தம் 24 அணிகள், 51 ஆட்டங்கள்.

இந்தியா மூன்றிலும் தோற்றதே, நேரில் பார்க்க எப்படி இருந்தது?

ஒவ்வொரு ஆட்டமும் ஒவ்வொரு மாதிரி வலித்தது. அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஜனவரி 13 சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி, அகமது பின் அலி மைதானம், எதிரில் ஆஸ்திரேலியா. மெட்ரோவில் பச்சைத் தடம் முழுக்க நீலச் சட்டைதான். மலையாளிகள் செண்டையோடு ஏறினார்கள், வங்காளிகள் பாட்டோடு ஏறினார்கள், நாங்கள் ஏழு பேர் தமிழில் கத்திக்கொண்டு ஏறினோம். அன்று வந்த கூட்டம் 35,253. அதில் பெரும்பாலானவர்கள் நம் ஆட்கள். ஊரை விட்டு வந்த பதினோரு வருஷத்தில், இது என் ஊர் என்று இந்த மண்ணில் நான் உணர்ந்த முதல் மதியம் அதுதான்.

பதினாறாவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து பூஜாரி தூக்கிப் போட்ட பந்தை நம் கேப்டன் சுனில் சேத்ரி தலையால் முட்டினார். கம்பத்தை ஒட்டி வெளியே போனது. எனக்கு இன்னமும் கண்ணை மூடினால் அந்தப் பந்துதான் வருகிறது. முதல் பாதி முழுக்க ஆஸ்திரேலியா அலை அலையாக வந்தது. நம் தடுப்பாட்டக்காரர் ஜிங்கனும் மற்றவர்களும் உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுத்தார்கள். இடைவேளை வரை 0-0. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிடம், நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் குத்தி வெளியேற்ற நினைத்த பந்து தூரம் போகாமல் ஜாக்சன் இர்வின் காலடியில் விழுந்தது. கோல். 73-ல் ஜோர்டன் பாஸ் இன்னொன்று அடித்தார். அவர் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 0-2. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தோம்.

உஸ்பெகிஸ்தான் ஆட்டம் 18-ம் தேதி வியாழக்கிழமை, மாலை ஐந்தரைக்கு. வேலை முடிந்து அதே சீருடையில் ஓடினேன். நான் வாசலில் நிற்கும்போதே முதல் கோல், நான்காவது நிமிடத்தில். இடம் தேடி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் பதினெட்டாவது நிமிடத்தில் இரண்டாவது. இடைவேளைக்கு விசில் அடிக்கும் நேரத்தில் மூன்றாவது. இரண்டாம் பாதியில் நன்றாக ஆடினோம். ராகுல் கே.பி. அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 0-3 தோல்வியில் அதை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். நான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. ஜனவரி 23, சிரியா, அல் கோர் ஊரில் இருக்கும் அல் பைத் மைதானம், பாலைவனக் கூடாரம் மாதிரிக் கட்டியிருப்பார்களே, அது. அங்கே மெட்ரோ கிடையாது, பஸ்ஸில்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் என்பதால் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஜெயித்தால் நம் பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்து அடுத்த சுற்றுக்குப் போக ஒரு சின்ன வழி இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஜிங்கன் காயத்தோடு வெளியேறினார். 76-வது நிமிடத்தில் உமர் க்ரிபின் அடித்தார். 0-1. எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான மலையாளி, கொடியை நாலாக மடித்துப் பையில் வைத்து ஜிப்பை மூடினார். எதுவும் பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

மூன்று ஆட்டம், வாங்கியது ஆறு கோல், அடித்தது ஒன்றுமில்லை. இந்த வாரம் வந்த உலகத் தரவரிசையில் 102-லிருந்து 117-க்கு இறங்கிவிட்டோம்.

அப்பா, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் விசில் ஊதிய அந்த அக்கா யார்?

என் மகள் கேட்டது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஊரில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பிள்ளைகளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.

மக்களே, அவர் பெயர் யோஷிமி யமஷிதா, ஜப்பான்காரர். ஆண்களுக்கான ஆசியக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக நின்ற முதல் ஆட்டம் அதுதான், அதுவும் நம் ஆட்டம். உலகக் கோப்பை நடுவர் பட்டியலிலும் 2022-ல் அவர் இருந்தார். அன்று அவர் ஓடிய ஓட்டத்தை நீ கவனித்திருக்கிறாய் என்பதே எனக்கு அந்த நாளில் கிடைத்த பெரிய சந்தோஷம். கடற்கரையில் பையன்கள் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொன்னாயே, இதைப் போய் அவர்களிடம் சொல்.

போன தடவை நன்றாக ஆடினோமே, இந்தத் தடவை என்ன ஆனது?

2019-ல் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். சேத்ரி இரண்டு, தாபா ஒன்று, ஜெஜெ ஒன்று. ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு இந்தியா கண்ட முதல் வெற்றி அது. அப்புறம் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2. கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனோடு சமன் செய்தாலே அடுத்த சுற்று. 90 நிமிடம் தாங்கிவிட்டு 91-ல் ஒரு பெனால்டி கொடுத்து வெளியேறினோம். தோற்றாலும் ஏதோ ஒன்று வளர்கிறது என்று தெரிந்த தோல்வி அது.

இந்தத் தடவையும் நம்பிக்கையோடுதான் வந்தோம். 2023-ல் தெற்காசியக் கோப்பையை வென்றோம், நவம்பரில் குவைத்துக்கே போய் 1-0 என்று வென்றோம். ஆனால் அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூன்று பேரும் காயத்தால் வரவில்லை. நான் பெரிய காரணமாகப் பார்ப்பது தயாரிப்பை. டிசம்பர் கடைசி வரை இந்தியாவின் ஐ.எஸ்.எல். லீக் ஓடியது. மாத முடிவில்தான் அணி தோஹா வந்தது. முதல் ஆட்டத்துக்கு இரண்டே வாரம். இந்த அளவு பெரிய போட்டிக்கு அது போதாது என்று பயிற்சியாளர் ஸ்டிமாச் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை மாற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. அவர் மேல் எனக்கும் குறை உண்டு. உஸ்பெகிஸ்தான் ஆட்டத்தின் முதல் இருபது நிமிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கோல் அடிக்கும் ஆளை ஒரு பயிற்சியாளர் இரண்டு வாரத்தில் உருவாக்க முடியாது.

நூற்று நாற்பது கோடிப் பேரில் கோல் அடிக்க ஒருத்தர் இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர் எல்லாரும் கோபமாகத்தான் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போடுவது தப்பு. எத்தனை பேர் பிறக்கிறார்கள் என்பதில் ஒன்றுமில்லை. எத்தனை பேருக்கு வாரா வாரம், வருஷம் முழுக்க, கோல் வாசலில் நின்று அடிக்கவும் தவறவிடவும் வாய்ப்புக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

ஐ.எஸ்.எல். அணிகளைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். எந்தப் பயிற்சியாளரும் அதில் ஒரு இடத்தை நடு முன்களத்துக்குத்தான் கொடுப்பார், ஏனென்றால் அவருடைய வேலை அந்த வார வெற்றியில் தொங்குகிறது. கோரோ, ஓக்பெச்சே, ராய் கிருஷ்ணா என்று நாம் கை தட்டிய கோல் எல்லாம் அவர்களுடையது. 2014-ல் லீக் தொடங்கியதிலிருந்து 2022-23 சீசன் வரை அதிக கோல் அடித்தவருக்கான விருதை ஒரு இந்தியர்கூட வாங்கியதில்லை. நம் பையன்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். மன்வீர் கிளப்பில் வலப்பக்கம் ஓடுகிறார், இஷான் பண்டிதா கடைசி இருபது நிமிடத்துக்கு உள்ளே வருகிறார். அப்புறம் தேசிய அணிக்கு வந்ததும் திடீரென்று நடுவில் நின்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கோல் அடி என்றால் எப்படி அடிப்பார்கள்? பந்து காலுக்கு வரும் அந்த அரை நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. கால் தானாகப் போக வேண்டும். அது பழக்கத்தால் மட்டும்தான் வரும்.

நான் கண்ணால் பார்த்ததும் இதைத்தான். மூன்று ஆட்டத்திலும் நாம் எதிரணியின் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டி வரை பந்தைக் கொண்டு போகாமல் இல்லை. உள்ளே போனதும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினோம். அந்த ஒரு தட்டில் எதிராளியின் கால் வந்துவிட்டது.

சேத்ரி இனி ஓய்வு பெற வேண்டாமா?

இதை எழுதும் 2024 பிப்ரவரியில் அவருக்கு 39 வயது. இந்தியாவுக்காக 93 கோல். 2011 ஆசியக் கோப்பையில் இரண்டு, 2019-ல் இரண்டு. எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்குத்தான். அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தயார் செய்யாதது அவருடைய குற்றம் இல்லை. 39 வயதுக்காரர் முதல் பதினொருவரில் நிற்கிறார் என்றால், கேள்வி அவரிடம் போகக் கூடாது.

நம் நாடு வெளியேறிய பிறகும் ஏன் உட்கார்ந்து பார்த்தாய்?

அம்மா போனில் கேட்டது. "மக்களே, நம்ம ஆளுவ தோத்தாச்சில்லா, பொறவு எதுக்கு ராத்திரி முழிக்க?"

அம்மா, தஜிகிஸ்தானுக்காக. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தத் தொடரில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் இதில்தான் இருக்கிறது.

2008 ஆகஸ்டில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்தியா 4, தஜிகிஸ்தான் 1. சேத்ரி மூன்று கோல் அடித்தார். அந்த வெற்றியால்தான் 27 வருஷம் கழித்து, 2011 ஆசியக் கோப்பைக்கு நாம் போக முடிந்தது. அன்று நம்மிடம் நாலு வாங்கிய நாடு அது.

அதற்கும் முன் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரில் கிடந்த நாடு. மக்கள்தொகை ஒரு கோடி அளவு. நிலத்தில் பெரும்பகுதி மலை. அவர்கள் செய்தது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சிறுவர் அணிகளில் கை வைத்தார்கள். 2018-ல் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் இறுதி வரை போனார்கள், அடுத்த வருஷம் பிரேசிலில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையில் ஆடினார்கள். அதே பையன்களில் சிலரைப் பெரிய அணியில் சேர்த்தார்கள். தேசிய வீரர்கள் பலர் தலைநகர் துஷான்பேயின் இஸ்திக்லோல் கிளப்பில் சேர்ந்தே ஆடிப் பழகியவர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்று இன்னொருவருக்குப் பார்க்காமலே தெரியும்.

2019 ஜூலையில் அகமதாபாத்தில் நம்மோடு மோதினார்கள். முதல் பாதியில் சேத்ரி இரண்டு கோல் அடித்து 2-0. இரண்டாம் பாதியில் அவர்கள் நாலு அடித்து 4-2 என்று முடித்தார்கள். அந்த ஆட்டத்தை நான் போனில் பார்த்தேன், ஏதோ ஒரு கெட்ட நாள் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். அவர்கள் நம்மைத் தாண்டிப் போன நாள் அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொடர் தொடங்கும்போதுகூட தரவரிசையில் அவர்கள் 106, நாம் 102. அவர்களுக்கு இது முதல் ஆசியக் கோப்பை. சீனாவோடு 0-0. கத்தாரிடம் 0-1. லெபனானுக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கி, 80-வது நிமிடத்தில் ஒன்று, காயத்துக்காகக் கூட்டிய நேரத்தில் இன்னொன்று, 2-1. அடுத்த சுற்றில் ஐக்கிய அரபு அமீரகத்தை எதிர்த்து வஹ்தத் ஹனோனோவ் என்ற தடுப்பாட்டக்காரர் அடித்து முன்னிலை. 95-வது நிமிடத்தில் அது போனது. மனம் உடைந்திருக்க வேண்டிய இடம். பெனால்டியில் ஐந்தையும் உள்ளே போட்டார்கள். காலிறுதி!

காலிறுதியில் ஜோர்டானிடம் 0-1. அந்த ஒரு கோலும் ஹனோனோவின் மேல் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. முந்தைய சுற்றில் அணியை முன்னே கொண்டுபோன அதே ஆள். எனக்கு அன்று ராத்திரி அவர் முகம்தான். நம் தோல்விக்குக்கூட அவ்வளவு நேரம் முழித்திருக்கவில்லை.

தஜிகிஸ்தானைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம் மேல் வெறுப்பு வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. நம்மைப் போல அடி வாங்கியவர்கள், நம்மைவிடக் குறைவான பணத்தோடு, பதினைந்து வருஷத்தில் நடந்து காட்டிய பாதை அது.

பாலஸ்தீன அணியைப் பற்றிச் சொல்.

சிரியாவிடம் தோற்ற அன்று அல் கோரிலிருந்து பஸ்ஸில் திரும்பி, அறைக்கு வந்து சேர்ந்த நேரத்தில்தான் பாலஸ்தீனம் ஹாங்காங்கோடு ஆடிக்கொண்டிருந்தது. டிவியைப் போட்டேன், ஆறுதலுக்காக இல்லை, சும்மா சத்தம் வேண்டும் என்று. ஒதை தப்பாக் இரண்டு, ஸைத் கும்பர் ஒன்று, 3-0. ஆசியக் கோப்பையில் அவர்களுடைய முதல் வெற்றி. அதோடு நாக்-அவுட்டுக்கும் முதல் முறையாகப் போனார்கள்.

ஊரில் லீக் நின்றுபோய், அல்ஜீரியாவிலும் சவுதியிலும் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். காசாவில் குடும்பத்தை விட்டு வந்து ஆடியவர்களும் அணியில் இருந்தார்கள். போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, அவர்களுடைய ஒலிம்பிக் அணிப் பயிற்சியாளர் ஹானி அல்-மஸ்தர் காசாவில் குண்டுவீச்சில் இறந்தார். தொடக்க விழாவில் உறுதிமொழி எடுக்க வேண்டியது கத்தார் கேப்டன் ஹசன் அல்-ஹைதோஸ். அவர் பாலஸ்தீனக் கேப்டன் முசாப் அல்-பத்தாத்தை அழைத்து அந்த இடத்தைக் கொடுத்தார். டிக்கெட் விற்ற பணத்தையும் பாலஸ்தீன நிவாரணத்துக்குத் தருவதாகக் கத்தார் அறிவித்திருந்தது.

அடுத்த சுற்றில் கத்தாரிடமே 1-2 என்று தோற்றார்கள். முதல் கோல் அடித்தது தப்பாக். அந்தக் கோலுக்கு எங்கள் அறையில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்றோம். ஒருவர் நேபாளி, ஒருவர் ஆந்திரா, இரண்டு பேர் தமிழ்.

இறுதி ஆட்டத்தில் மூன்றுமே பெனால்டியாமே, நியாயமா?

இறுதிக்கு வருமுன் ஜோர்டான் வந்த வழியைச் சொன்னால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

தொடர் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜப்பானிடம் 1-6 என்று வாங்கினார்கள். மொராக்கோக்காரரான பயிற்சியாளர் ஹுசைன் அம்முத்தாவை அவர்கள் நாட்டில் விமர்சிக்காத ஆள் இல்லை. எங்கள் சைட்டில் இருக்கும் ஜோர்டானிய இன்ஜினியரே "மூன்று ஆட்டத்தில் வீட்டுக்குப் போய்விடுவோம்" என்றார். அப்படிப்பட்ட அணி ஈராக்குக்கு எதிராக 90 நிமிடம் முடிந்தும் 1-2 என்று பின்தங்கி, 95-ல் ஒன்று 97-ல் ஒன்று அடித்து 3-2 என்று வென்றது. அந்த ஆட்டத்தில்தான் ஈராக்கின் அய்மன் ஹுசைன் கோல் அடித்த மகிழ்ச்சியில் புல்லைச் சாப்பிடுவதுபோல உட்கார்ந்து, அதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். இந்தத் தொடரில் ஆறு கோல் அடித்திருந்த மனிதர். அந்த அட்டை கொடுத்தது சரியில்லை என்பது என் கருத்து. ஈராக் ஜப்பானையே வென்ற அணி.

அப்புறம் அரையிறுதி, தென்கொரியா. சோன் ஹியுங்-மின், லீ காங்-இன், கிம் மின்-ஜே எல்லாம் உள்ள அணி (கிம் அன்று தடையில் இருந்தார்). ஜோர்டான் 2, கொரியா 0. கோலை நோக்கி ஒரு ஷாட்கூட கொரியாவால் அடிக்க முடியவில்லை. யஸான் அல்-நைமத் கோல்கீப்பருக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்ட முதல் கோலும், மூசா அல்-தஅமரி நடுவிலிருந்து பந்தை எடுத்து ஓடி அடித்த இரண்டாவது கோலும் இந்தத் தொடரின் மிக அழகான இரண்டு கோல்கள். அடுத்த நாள் அந்த இன்ஜினியர் எல்லாருக்கும் குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

இறுதி ஆட்டம் கத்தாரோடு, லுசைல் மைதானத்தில், 86,492 பேர் முன்னால். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கத்தாரின் அக்ரம் அஃபீஃப் 22-ல் ஒரு பெனால்டி அடித்தார். 67-ல் அல்-நைமத் சமன் செய்தார். அந்த ஆறு நிமிடம் ஜோர்டான் கோப்பையைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. 73-ல் இரண்டாவது பெனால்டி, 95-ல் மூன்றாவது. 3-1.

விதிப்படி பார்த்தால் மூன்றும் பெனால்டிதான். மூன்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பின்னிரண்டும் வீடியோ உதவியோடு கொடுத்தது. அவ்வளவு அழுத்தத்தில் மூன்றையும் ஒரே அமைதியோடு அடிப்பதற்கு அஃபீஃபுக்கு இருக்கும் நெஞ்சு வேறு. மொத்தம் எட்டு கோல், தொடரின் சிறந்த வீரர். கத்தார் தொடர்ந்து இரண்டாவது முறை சாம்பியன். அரையிறுதியில் ஈரானோடு 3-2 என்று அவர்கள் ஆடியது உண்மையிலேயே பெரிய ஆட்டம். காலிறுதியில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக மூன்று பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் மெஷால் பர்ஷம், உயரம் தாண்டும் வீரர் முதஸ் பர்ஷிமின் தம்பி.

ஆனாலும் ஒரு இறுதி ஆட்டத்தில் வென்ற அணியிடமிருந்து ஓடி ஆடி அடித்த ஒரு கோலாவது நான் எதிர்பார்த்தேன். மனதில் கோப்பையை ஜோர்டானுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஜப்பான், கொரியா, சவுதி எல்லாம் என்ன ஆனது?

ஜப்பான் காலிறுதியில் ஈரானிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் 1-2. சவுதி கொரியாவிடம் பெனால்டியில் தோற்றது. அந்த ஷூட் அவுட் முடியுமுன்னே பயிற்சியாளர் மான்சினி எழுந்து உள்ளே போய்விட்டார், அது எனக்குப் பிடிக்கவில்லை. கொரியப் பயிற்சியாளர் க்ளின்ஸ்மனை இப்போது நீக்கிவிட்டார்கள்.

நம் ஆட்கள் கட்டிய மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பது உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. இதை மறைக்க விரும்பவில்லை. ஆசியக் கோப்பை நடந்த ஒன்பது மைதானங்களில் ஏழு 2022 உலகக் கோப்பைக்குப் பயன்பட்டவை. 2010-க்குப் பிறகான பத்து ஆண்டுகளில், இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்த 6,500-க்கு மேற்பட்டவர்கள் கத்தாரில் இறந்ததாக 2021-ல் கார்டியன் பத்திரிகை எழுதியது. எல்லாரும் மைதான வேலையில் இறந்தவர்கள் இல்லை. எல்லாரும் எங்களைப் போல வந்தவர்கள். 2020-21-ல் சட்டம் மாறியது. வேலை மாற முதலாளியின் அனுமதிக் கடிதம் வேண்டாம் என்றானது, குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்றானது. அது உண்மையான மாற்றம், என் அறையில் ஒருவர் அப்படித்தான் வேலை மாறினார்.

டிக்கெட் 25 ரியாலிலிருந்து கிடைத்தது. சிமென்ட் தூசியோடு உள்ளே போனவர்கள் கொடியோடு உள்ளே போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அந்த இருக்கையில் உட்கார அவர்களைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

நம் ஊரிலிருந்து ஒருவர் இந்திய அணிக்குப் போக முடியுமா?

போயிருக்கிறார்கள். எங்கள் கடற்கரையில் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்கு ஆடியவர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு துறையிலும் ஒரு கிளப் உண்டு, ஒரு போட்டி உண்டு. கடலுக்குப் போய்விட்டு வந்து, வலையை உலர்த்திவிட்டு மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்லில் கிடைக்கும் வேகமே வேறு.

குறை எங்கே என்றால், பதினாறு வயதுக்குப் பிறகு அந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது? வருஷத்துக்கு இரண்டு திருவிழாப் போட்டி. அப்புறம் படகு, இல்லாவிட்டால் என்னைப் போல வளைகுடா விசா. எனக்குப் பதினெட்டு வயதில் மாவட்ட அணித் தேர்வுக்குப் போக வேண்டிய நாளில், வீட்டில் கடன் இருந்ததால் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போனேன். என்னோடு ஆடியவர்களில் என்னைவிட நன்றாக ஆடிய மூன்று பேர் இப்போது மஸ்கட்டிலும் தமாமிலும் இருக்கிறார்கள். தஜிகிஸ்தான் பையன்களுக்குப் பதினாறு வயதுக்குப் பிறகும் ஆட இடம் இருந்தது. நான் பார்த்தவரை வித்தியாசம் அதுதான்.

இப்போது சாயங்காலம் என்ன செய்கிறாய்?

முதல் மூன்று நாள் ஐந்தரை மணி ஆனதும் கை தானாக ரிமோட்டைத் தேடியது. ஒரு மாதம் பழகிவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை காலையில் அறைக்குப் பின்னால் இருக்கும் வெறும் திடலில் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறோம். நேபாளிகளுக்கு ஒரு அணி, எங்களுக்கு ஒரு அணி.

அடுத்து இந்தியா எப்போது ஆடுகிறது?

2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு இரண்டு ஆட்டம், உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. முதலாவது 21-ம் தேதி சவுதியில் அபா நகரில், அடுத்தது 26-ம் தேதி குவாஹாத்தியில். ஜூனில் கொல்கத்தாவில் குவைத். அப்புறம் ஜூன் 11, கத்தாருக்கு எதிராக, இங்கே.

மகளுக்கு அப்போது பள்ளி விடுமுறை முடிந்திருக்கும். ஆனாலும் ஒரு வாரம் லீவு சொல்லலாமா என்று கேட்கிறாள். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று நேற்று ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஓவர்டைம் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் வரும். அவளுக்கு நீலச் சட்டை மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன், ஒரு அளவு பெரிதாக.